டிஸ்கெட்டில் உறங்கும் தோட்டத்து வரலாறு

கிளேபாங் கடற்கரைக்கு வார இறுதியில் தேங்காய் ஷேக் குடிக்க வரும் ஒருவர், "கிளேபாங்கில் இருக்கிறோம்" என்று தமிழிலேயே தட்டி உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். சிரம்பானில் இருக்கும் அக்காவுக்கும் சென்னையில் இருக்கும் நண்பருக்கும் அதே எழுத்துகள் அப்படியே போய்ச் சேருகின்றன. இதில் என்ன அதிசயம் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கக்கூடும்.

அதே குடும்பத்தில், 1990களில் கோயில் திருவிழா மலரையோ தமிழ்ப்பள்ளி ஆண்டிதழையோ கணினியில் தட்டிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தால் அவருடைய அனுபவம் வேறு. அன்று சேமித்து வைத்த கோப்பை இன்று மடிக்கணினியில் திறந்தால் திரையில் தமிழ் வராது. புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் கேள்விக்குறிகளும் கட்டங்களும் கலந்த ஏதோ ஒன்றுதான் வரும். கோப்பு கெட்டுப் போகவில்லை. தட்டியவரும் தவறு செய்யவில்லை. அப்படியானால் தமிழ் எங்கே போனது?

இந்தச் சின்னக் கேள்விக்கு விடை தேடினால், கணினிக்குள் தமிழ் வந்த வரலாறே விரிகிறது. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும், சொந்தப் பணத்தையும் நேரத்தையும் செலவழித்த தனி மனிதர்களும் சேர்ந்து எழுதிய வரலாறு அது. மலேசியத் தமிழருக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அந்தப் பணியில் ஒரு பகுதி இன்னும் முடியவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி.

கணினிக்குத் தெரிந்தது எண் மட்டுமே

கணினிக்கு எழுத்து தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் ஒன்றுதான். ஆங்கிலத்தின் பெரிய 'ஏ' என்றால் 65, 'பி' என்றால் 66 என்று ஒரு பட்டியல் 1960களிலேயே அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அதன் பெயர் ஆஸ்கி. உலகம் முழுவதும் அதே பட்டியலைப் பின்பற்றியதால், ஒரு கணினியில் தட்டிய ஆங்கிலம் இன்னொரு கணினியிலும் ஆங்கிலமாகவே தெரிந்தது.

அந்நாளைய கணினிகளில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் இடம். ஒரு பைட்டுக்குள் 256 எண்கள் அடங்கும். முதல் 128 எண்களை ஆஸ்கி எடுத்துக்கொண்டது. மீதி 128 இடங்களுக்குள்தான் மற்ற மொழிகள் நுழைய வேண்டும். தமிழுக்கோ 247 எழுத்துகள். போதாக்குறைக்கு ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளும் உண்டு. 128 அறைகள் உள்ள விடுதியில் 247 விருந்தினரைத் தங்க வைப்பது எப்படி?

நம்மவர்கள் ஒரு வழி கண்டார்கள். எழுத்துகளைத் துண்டுகளாகப் பிரித்தார்கள். கால் தனி, கொம்பு தனி, 'க' தனி. 'கா' வேண்டுமானால் 'க' போட்டுக் கால் போட வேண்டும். 'கே' வேண்டுமானால் முதலில் இரட்டைச் சுழிக் கொம்பு, பிறகு 'க'. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

இடப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் வேறொரு பிரச்சினை முளைத்தது. எந்தத் துண்டுக்கு எந்த எண் என்று முடிவு செய்ய ஒரு பொது அமைப்பு அன்று இல்லை. எழுத்துரு உருவாக்கிய ஒவ்வொருவரும் தமக்குச் சரியென்று பட்டபடி எண் கொடுத்தார்கள். ஒருவருக்கு 'க' என்றால் ஓர் எண், இன்னொருவருக்கு அதே எண்ணில் 'மு'. ஆகவே ஓர் எழுத்துருவில் தட்டியதை வேறோர் எழுத்துருவில் திறந்தால் அகராதியில் இல்லாத சொற்களாக வந்தன. எழுத்துருவே இல்லாத கணினியில் வெறும் குறிகள் வந்தன.

பழைய கோப்பு இன்று ஊமையாகிப் போனதன் காரணம் இதுதான். எண்கள் இன்னும் கோப்பில் இருக்கின்றன. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் சாவி மட்டும் காணாமல் போய்விட்டது.

கவிதை திறந்த கதவு

இணையம் பொதுமக்களிடம் வரத் தொடங்கிய 1990களின் நடுப்பகுதியில் இந்தக் குழப்பம் பெரிதானது. வீட்டுக் கணினியோடு நின்ற வரை, எந்த எழுத்துருவாக இருந்தால் என்ன என்று இருந்துவிடலாம். இணையத்தில் போடும் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திறப்பார்கள் அல்லவா?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இணைய ஆராய்ச்சி மேம்பாட்டுப் பிரிவு ஒன்று அப்போது இயங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் டான் டின் வீ. அவர் படித்த துறையோ உயிர்வேதியியல். இன்னொரு பக்கம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராக இருந்தவர் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுத்தாளராக அறியப்பட்டவர், கணினித் தமிழில் இறங்கினார். 'கணியன்' என்ற பெயரில் தமிழ் மென்பொருளை உருவாக்கியவர் அவரே.

1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் கவிதைகளைத் தாங்கிய இணையத்தளம் ஒன்றை, அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கி வைத்தார். ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழும் அதில் இடம் பெற்றது. இணையத்தில் தமிழ் எழுத்துகள் தோன்றிய மிகத் தொடக்க கால முயற்சிகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது. ஓர் உயிர்வேதியியலாளரும் ஒரு சிறுகதை எழுத்தாளரும் அந்தக் கதவைத் திறந்தார்கள் என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது.

டான் டின் வீயின் குழு அதோடு நிற்கவில்லை. இணைய முகவரிகளே ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்டது. 1998இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பன்மொழி இணைய முகவரிக்கான ஆராய்ச்சி நடந்தது. பல ஆண்டுகள் கழித்து, 2011இல் '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரிக்கு அனுமதி கிடைத்தது. 2012இல் இணையப் புகழரங்கம் தொடங்கப்பட்டபோது, முதல் ஆண்டிலேயே இடம் பெற்றவர்களில் டான் டின் வீயும் ஒருவர். நா. கோவிந்தசாமி இவற்றைக் காண உயிரோடு இல்லை. அவர் 1999இல் காலமானார்.

ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்

1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் முதலாவது தமிழ் இணைய மாநாடு நடந்தது. ஆளுக்கொரு எண் பட்டியல் வைத்திருந்தால் தமிழ் வளராது என்பதை வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்தவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு மாநாட்டோடு முடியவில்லை. மின்னஞ்சல் வழியே நீண்ட விவாதம் நடந்தது. 'திஸ்கி' என்ற பொதுக் குறியீடு அதில் உருவானது. ஆங்கிலத்துக்கு முதல் 128 இடங்கள், தமிழுக்கு அடுத்த 128 இடங்கள் என்ற ஏற்பாடு அது.

அந்த விவாதத்தில் முன்னணியில் இருந்தவர்களில் இருவரைக் குறிப்பிட வேண்டும். ஒருவர் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்தவரான கு. கல்யாணசுந்தரம். 1998 பொங்கலன்று இவர் தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க இலக்கியம் முதல் பிற்கால நூல்கள் வரை கணினியில் ஏற்றி, யாரும் இலவசமாகப் படிக்கும்படி செய்தது. உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் கொடுத்தார்கள்.

இன்னொருவர் நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன். 1985இல் தொடங்கிய இவரது 'முரசு' மென்பொருள், மலேசியத் தமிழ் அச்சுலகத்துக்கு நன்கு அறிமுகமானது. 2005 பொங்கலின்போது 'செல்லினம்' வந்தது. கைத்தொலைபேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்பும் வழியை அது திறந்துவிட்டது. ஆப்பிள் கருவிகளில் 'தமிழ் சங்கம் எம்என்' என்று ஓர் எழுத்துரு இருக்கிறது. அந்த 'எம்என்' முத்து நெடுமாறன் பெயரின் முதலெழுத்துகள்தாம்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையும் டேப், டேம் என்ற குறியீடுகளும் பரிந்துரைக்கப்பட்டன. 2000இல் சிங்கப்பூரில் 'உத்தமம்' என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைக்கப்பட்டது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. 2013இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் கூடியது.

யூனிகோடு தந்த முகவரி

இதற்கிடையில் உலகின் எல்லா மொழிகளுக்கும் ஒரே பட்டியல் என்ற முயற்சி வேறொரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. அதுதான் யூனிகோடு. 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. வேறெந்த மொழியும் அந்த இடத்தில் உட்கார முடியாது. 2000ஆம் ஆண்டின் விண்டோஸ் கணினியில் யூனிகோடு தமிழ் இடம் பெற்றது. 2010இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது. இன்று கைத்தொலைபேசி, கணினி, தேடுபொறி எல்லாம் இந்த ஒரே பட்டியலைத்தான் பின்பற்றுகின்றன.

யூனிகோடு எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் 'கிளேபாங்' என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். படிப்பவருக்கு அது கி, ளே, பா, ங் என நான்கு எழுத்துகள். யூனிகோடுக்கு அது எட்டு எண்கள்: க, இகரக் குறி, ள, ஏகாரக் குறி, ப, கால், ங, புள்ளி. பழைய முறைகளில் 'ளே' என்பதற்குக் கொம்பு முன்னே நிற்கும், ஏனெனில் கண்ணுக்கு அது முன்னே தெரிகிறது. யூனிகோடில் 'ள' முன்னே, ஏகாரம் பின்னே. வாய் உச்சரிக்கும் வரிசை அது. கண்ணுக்குச் சரியாகக் காட்டும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்கிறது.

ஒழுங்கு இருப்பதால்தான் தேட முடிகிறது, அகர வரிசைப்படுத்த முடிகிறது, எழுத்துப் பிழை காட்ட முடிகிறது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. இணையத்தில் பெரிதும் பயன்படும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்கும். தமிழின் ஒவ்வொரு எண்ணும் மூன்று பைட் எடுக்கும். மலாயில் ஏழு எழுத்தில் எழுதும் கிளேபாங் 7 பைட், தமிழில் அதே ஊர் 24 பைட். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம் கிடைத்தபோது தமிழுக்கு 70தான் கிடைத்தது. அந்நாளில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

யூனிகோடு இன்னமும் வளர்கிறது. 2019இல் தமிழின் பழைய பின்னங்கள், அளவைக் குறிகள் முதலான 51 குறிகள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. தாத்தாக்களின் கணக்கேடுகளில் காணும் குறிகளைக்கூட இனிக் கணினியில் எழுத வழி பிறந்துவிட்டது.

எல்லாம் தீர்ந்ததா?

புதிதாகத் தட்டுபவருக்குத் தீர்ந்தது. ஏற்கெனவே தட்டி வைத்ததற்குத் தீரவில்லை.

மலாக்கா மாநிலத்துத் தமிழர் வாழ்க்கையை நினைத்துப் பார்க்க வேண்டும். ரப்பர் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள், தோட்டங்கள் கைமாறியும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் போன காலத்தில் நகர்ப்புறத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். லயத்து வீடுகள் போயின. பல இடங்களில் பள்ளியும் கோயிலும் இடம் மாறின. மிஞ்சியது காகிதம். திருப்பணி மலர், பள்ளிப் பொன்விழா மலர், இளைஞர் மணிமன்ற அறிக்கை, மரண சகாய நிதிப் பட்டியல் போன்றவை. எந்தத் தோட்டத்தில் யார் கங்காணி, யார் முதல் ஆசிரியர், எந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதற்கு வேறு சாட்சி பல இடங்களில் கிடையாது.

அந்த மலர்களில் கணிசமானவை தட்டப்பட்டது, கணினி அச்சகங்கள் பரவிய 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும். ஆளுக்கொரு எழுத்துரு இருந்த அதே காலம். கோப்புகள் டிஸ்கெட்டிலோ குறுந்தட்டிலோ போடப்பட்டு, செயலாளர் வீட்டு அலமாரியில் வைக்கப்பட்டன. டிஸ்கெட்டில் தகவல் காந்தப் பூச்சில் பதிவாகிறது. வெப்பமும் ஈரமும் பூஞ்சணமும் அதற்குப் பகை. கடலோர மலாக்காவின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டிஸ்கெட் தயாரிப்பில் பெரிய பெயரான சோனி நிறுவனமே 2011இல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது.

ஆக, இரண்டு பூட்டுகள். தட்டு படிக்கப்பட வேண்டும். படித்த பிறகு எழுத்துக் குறியீடும் புரிய வேண்டும். முதல் பூட்டு நாளாக நாளாக இறுகுகிறது. இரண்டாவது பூட்டுக்குச் சாவி வைத்திருக்கும் அச்சகத்துக்காரரும் தட்டச்சரும் முதுமை அடைந்துவருகிறார்கள்.

காப்பாற்ற முடியும் என்பதற்கு மதுரைத் திட்டமே சாட்சி. அங்கே முதலில் திஸ்கி முறையில் இருந்த நூல்கள் பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. எண் பட்டியல் வெளிப்படையாக இருந்ததால் அது சாத்தியமானது.

இயந்திரம் கற்கும் தமிழ் யாருடையது?

இன்று செயற்கை நுண்ணறிவு பற்றிய பேச்சு எங்கும் கேட்கிறது. கேட்டதற்குத் தமிழிலேயே பதில் சொல்லும் மென்பொருள்கள் வந்துவிட்டன. இவை மொழியைக் கற்பது எப்படி? மனிதர் எழுதி வைத்த கோடிக்கணக்கான வரிகளைப் படித்துத்தான். இங்கேயும் பல்கலைக்கழகங்கள் முன் நிற்கின்றன. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் ஆராய்ச்சிக் குழு, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மென்பொருள்களை உருவாக்கி, எல்லாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்கிறது.

நல்ல செய்திதான். ஆனால் அந்த இயந்திரம் படிக்கக்கூடியது, யூனிகோடில் இருக்கும் தமிழை. பழைய எழுத்துருவில் பூட்டிக் கிடக்கும் தமிழ் அதற்குத் தமிழே அல்ல. மலேசியத் தமிழின் சொற்கள் எத்தனை இருக்கின்றன! காலையில் 'பெரட்டு'க்குப் போனது, பால் மரத்தில் 'மங்கு' கட்டியது, பிள்ளையை 'ஆயாக்கொட்டகை'யில் விட்டது. இவற்றைப் பேசிய தலைமுறை குறைந்துவருகிறது. எழுதி வைத்தவை டிஸ்கெட்டில் உறங்குகின்றன. நாளைக்கு ஒரு பேரப்பிள்ளை "பெரட்டு என்றால் என்ன?" என்று கணினியைக் கேட்டால், அது தெரியாது என்று சொன்னாலாவது பரவாயில்லை. ஏதோ ஒன்றைக் கற்பனையாகச் சொல்லிவிடும். குற்றம் இயந்திரத்தினுடையது மட்டுமா?

யார், என்ன செய்யலாம்?

முதலில், அலமாரியைத் திறக்க வேண்டும். கோயில் நிர்வாகங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், மன்றங்கள் தங்களிடமுள்ள டிஸ்கெட்டுகளையும் குறுந்தட்டுகளையும் எடுத்து, யுஎஸ்பி வழி இணைக்கும் டிஸ்கெட் கருவியைக் கொண்டு கோப்புகளை உடனே நகலெடுத்து வைக்கலாம். படிக்க முடியவில்லை என்று எதையும் அழித்துவிடக் கூடாது. எண்கள் உள்ளே இருக்கும் வரை நம்பிக்கை உண்டு.

இரண்டாவது, எந்த எழுத்துருவில் தட்டப்பட்டது என்று குறித்து வைக்க வேண்டும். கோப்பை வேர்டில் திறந்தால் எழுத்துருவின் பெயர் பெரும்பாலும் மேலே தெரியும். அந்தப் பெயர்தான் சாவி. திஸ்கி, டேப், பாமினி போன்ற பழைய முறைகளை யூனிகோடுக்கு மாற்றவென்றே பொங்குதமிழ், என்எச்எம் மாற்றி போன்ற மென்பொருள்கள் உருவாக்கப்பட்டன.

மூன்றாவது, தட்டு செத்துப் போயிருந்தால் அச்சிட்ட மலர் ஒன்றாவது கிடைக்கிறதா என்று தேடலாம். அதை ஸ்கேன் செய்தால், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் தமிழையும் படிக்கும். பிழைகள் வரும், வாசித்துத் திருத்த மனிதக் கண்கள் வேண்டும். ஓய்வு பெற்ற தமிழாசிரியர்களை விட இதற்குப் பொருத்தமானவர் யார்?

நான்காவது, மாணவர்கள். கிளேபாங்கிலிருந்து காரில் போய்வரும் தூரத்திலேயே இரண்டு பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. புக்கிட் பெருவாங் வட்டாரத்தில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் மலாக்கா வளாகம். டுரியான் துங்காலில் 2000இல் கல்லூரியாகத் தோன்றி 2007இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா. இரண்டிலும் கணினித் துறை உண்டு. கணினி படிக்கும் மாணவர் இறுதியாண்டில் எப்படியும் ஒரு திட்டப்பணி செய்தாக வேண்டும். மாற்றி இல்லாத ஒரு பழைய எழுத்துருவுக்கு மாற்றி எழுதுவது, தோட்டத்துச் சொற்களுக்கு ஒரு மின்னகராதி அமைப்பது, பள்ளி மலர்களைத் தேடிப் படிக்கும் வசதி செய்வது எல்லாமே நல்ல தலைப்புகள். மதிப்பெண்ணும் கிடைக்கும், பாட்டியின் பெயர் இருக்கும் பக்கமும் கிடைக்கும்.

சிங்கப்பூரில் அன்று உட்கார்ந்து பேசியவர்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. ஒருவர் கதை எழுதியவர், ஒருவர் வேதியியல் படித்தவர், ஒருவர் மென்பொருள் செய்தவர். தமிழ் கணினியில் ஏற வேண்டும் என்ற கவலை மட்டும் அவர்களுக்குப் பொதுவாக இருந்தது. அவர்கள் போட்ட பாதையில்தான் இன்று ஒவ்வொரு தமிழ்க் குறுஞ்செய்தியும் பயணம் செய்கிறது. அந்தப் பாதைக்கு வர முடியாமல் அலமாரியில் கிடக்கும் மலர்களைக் கொண்டுவந்து சேர்ப்பது, அந்தந்த ஊராரின் கையில் இருக்கிறது. அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு ஒரு வரி ஒதுக்கினாலே போதும், வேலை தொடங்கிவிடும்.